சேரின் 31ஆம் நாளுக்கு மானிப்பாய் போனேன்

முதல் நாள், யாழ்ப்பாணம் போகிற ரயிலில்

நல்லூர்த் திருவிழா கொழும்புக் கோட்டை நிலையத்திலேயே தொடங்கிவிட்டது. பெட்டி முழுக்க வேட்டிக்காரரும் சேலைக்காரரும், சாப்பாட்டுப் பார்சல்களும், யன்னலுக்குச் சண்டை பிடிக்கிற சின்னப் பிள்ளைகளும். பக்கத்தில் இருந்த அம்மா "நல்லூருக்கோ பிள்ளை?" என்று கேட்டா. இல்லையம்மா, மானிப்பாயில் ஒரு 31ஆம் நாள், எனக்குப் படிப்பித்த சேருடையது என்றேன். அவ வேறொன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தன் பையிலிருந்து ஒரு கதலிப்பழம் எடுத்து என் மடியில் வைத்தா.

சேருக்கு 82 வயது. போன மாதம் போனார். செய்தி வந்தபோது நான் டெங்குக் காய்ச்சலில் கட்டிலில் கிடந்தேன், கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது, எழும்பி நிற்பதற்கே ஒரு ஆள் பிடிக்க வேண்டும். அடக்க ஆராதனையை போனில்தான் பார்த்தேன். படம் நின்று நின்று வந்தது, மண் போடுகிற நேரத்தில் ஒரேயடியாக நின்றுவிட்டது.

டெங்கைக் காரணம் சொல்லலாம்தான். ஆனால் சித்திரை வருஷப் பிறப்புக்குக் கட்டாயம் வருகிறேன் என்று சொன்னதும் நான், வராமல் விட்டதும் நான், அப்போது எனக்கு ஒரு காய்ச்சலும் இல்லை. கடைசியாக அவர் போன் எடுத்தது ஒரு ஞாயிறு பின்னேரம். "பிள்ளை, நீங்கள் அடிக்கிற துண்டுப்பிரசுரத்தில டயலிசிஸுக்கு என்ன சொல்லுப் போட்டிருக்கிறீர்?" அடுத்த நாள் அச்சுக்குப் போக வேண்டிய வேலை ஒன்று மேசையில் கிடந்தது. "சேர், பிறகு எடுக்கிறன்" என்றேன். எடுக்கவில்லை. அதிலிருந்து ஒன்பதாம் நாள் ஆள் இல்லை.

நான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவள். சலரோகம், பிரசர், பிள்ளைக்கு ஊசி போடும் அட்டவணை என்று நோயாளருக்குக் கொடுக்கிற தாள்களைத் தமிழில் எழுதுவதுதான் என் சாப்பாடு. அதை நான் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. மானிப்பாயில் ஒரு விறாந்தையில், 1991க்கும் 1995க்கும் இடையில், ஜாம் போத்தலுக்குள் திரி போட்ட விளக்கு வெளிச்சத்தில், சேரிடம் படித்தேன். மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் பொன் விலை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையால் சுற்றினால் டைனமோவில் றேடியோ பாடும். நாங்கள் முறைவைத்துச் சுற்றுவோம், சேர் பிபிசி தமிழோசை கேட்பார். செய்தி முடிந்த பிறகு அதில் வந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அரை மணித்தியாலம் கதைப்பார். குண்டைப் பற்றியோ சண்டையைப் பற்றியோ கதைக்க மாட்டார். ஏன் அந்த இடத்தில் அந்தச் சொல்லைப் போட்டார்கள் என்றுதான்.

அன்ரி, அதாவது சேரின் மனைவி, நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னா. எங்கள் ஊரில் 31ஆம் நாளுக்குச் சின்னப் புத்தகம் ஒன்று அடித்துக் கொடுப்பது வழக்கம். சைவ வீடுகளில் அதைக் கல்வெட்டு என்போம், வேதக்கார வீடுகளில், அதாவது கிறிஸ்தவ வீடுகளில், நினைவு மலர். இரண்டு கிழமையாக எழுதுகிறேன், முதல் வசனமே வரவில்லை. அவர் செத்துப்போனதை எந்தச் சொல்லால் சொல்வது? உதயன் பேப்பரில் வந்த அறிவித்தலில் "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்றிருந்தது. எங்கள் பக்கத்தில் சிவபதம் அடைந்தார் என்போம், அது அவருக்குப் பொருந்தாது. காலமானார் என்றால் றேடியோவில் மரண அறிவித்தல் வாசிக்கிற மாதிரி இருக்கிறது. வாய்ப்பேச்சில் நாங்கள் மோசம் போயிட்டார் என்போம். எனக்கு அதுதான் கிட்ட இருக்கிறது, ஆனால் அச்சில் போட்டால் ஏதோ பஸ் விபத்துப் போல் இருக்கும்.

ஆனையிறவு வந்ததும் எல்லோரும் எழும்பி யன்னல் பக்கம் போனார்கள். இரண்டு பக்கமும் தண்ணீர், வெயிலில் வெள்ளையாகக் கிடக்கிற உப்பு. 1990இல் நின்றுபோன ரயில் 2014 ஒக்டோபரில்தான் திரும்ப யாழ்ப்பாணம் வரைக்கும் ஓடியது. ஓடத் தொடங்கின சில கிழமைக்குள் சேரும் அன்ரியும் அதில் ஏறிக் கொழும்புக்கு என்னிடம் வந்தார்கள், ஒரு பனங்கட்டிக் குட்டானும் ஒரு பை முருங்கைக்காயும் கொண்டு. அன்றைக்கு நான் அரை நாள் லீவு போட்டுக் கோட்டை நிலையத்தில் நின்றேன். அதையாவது செய்தேன்.

இரண்டாம் நாள், மானிப்பாய்

சுதுமலையில் சித்தி வீட்டில் தங்கியிருக்கிறேன். நல்லூரில் கொடி ஏறியதால் இங்கே மச்சம், அதாவது மீன் இறைச்சி, இல்லை. காலையில் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டு சித்தியின் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். மருதடிப் பிள்ளையாரைத் தாண்டும்போது கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று. சேரோடு சைக்கிளில் போகும்போதும் இப்படித்தான் கும்பிடுவேன், அவர் எனக்காக வேகத்தைக் குறைப்பார்.

படலை அதே தகரப் படலை. அன்ரி முற்றத்தில் நின்றா. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு "நல்லா வத்திப் போனீர் பிள்ளை, இன்னும் காய்ச்சல் முகம் மாறேல்ல" என்று சொன்னா. நான் சொல்ல நினைத்து வந்ததெல்லாம் தொண்டையில் நின்றுவிட்டது. கனடாவிலிருந்து வந்து நிற்கிற அண்ணா, அவர்களின் மூத்த மகன், தேத்தண்ணி கொண்டுவந்தார்.

விறாந்தையில் சாய்மனைக் கதிரை மடித்துச் சுவரோடு சாத்தி வைத்திருந்தது. அந்த இடத்தைப் பார்த்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அவருடைய "நீர்". பதின்மூன்று வயதில் நான் அங்கே போன முதல் நாள் அவர் சொன்னது, "வாரும், இரும். இந்தப் பந்தியை வாசிச்சுப் போட்டு நீர் என்ன நினைக்கிறீர் எண்டு சொல்லும்." பள்ளிக்கூடத்தில் எல்லோரும் நீ, வா, போ. வீட்டில் வாடி, போடி. ஒரு பெரிய மனிசர் என்னை நீர் என்று கூப்பிட்டு நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. நான் ஒன்றும் நினைக்கவில்லை, வெட்கத்தில் நிலத்தைப் பார்த்தேன். அவர் பொறுமையாக இருந்தார். அடுத்த முறை போகும்போது நினைத்துக்கொண்டு போனேன்.

அம்மம்மாவுக்கு நான் அங்கே போவது பிடிக்காது. படிக்கப் போ, வேதக்காரர் வீட்டில் தண்ணீர் மட்டும் குடியாதே என்பா. பழைய ஆட்கள் அப்படித்தான். அன்ரிக்கு அது தெரியும், தெரிந்தும் கோபிக்கவில்லை. கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய் "நீரே அள்ளிக் குடியும்" என்று துலாக் கயிற்றைக் கையில் தருவா. சேர் ஒருநாள் எங்கள் வீட்டுக்கே வந்து அம்மம்மாவோடு திண்ணையில் இருந்து கதைத்தார். தங்கள் பைபிளைத் தமிழாக்க பேர்சிவல் பாதிரியாருக்குத் துணை நின்றது நல்லூர் ஆறுமுக நாவலர் என்றார். அம்மம்மாவுக்கு நாவலர் தெய்வத்துக்கு அடுத்தபடி. "எங்கட நாவலரோ?" என்று இரண்டு தரம் கேட்டா. அதற்குப் பிறகு தண்ணீர் விஷயம் வீட்டில் எழும்பவில்லை. சேர் என்னை ஒருநாளும் தேவாலயத்துக்கு வா என்று கூப்பிட்டதில்லை. நான் போனால் சந்தோஷப்படுவார், அவ்வளவுதான்.

அவருக்கு ஒரு ஆள் இருந்தார், கிறீன் வைத்தியர். மானிப்பாய்ப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் ஆஸ்பத்திரிப் பெயராகத்தான் தெரியும். சாமுவேல் கிறீன் 1847இல் அமெரிக்காவிலிருந்து வந்தவர், அடுத்த வருஷமே மருத்துவம் படிப்பிக்கத் தொடங்கினார். முதலில் இங்கிலிஷில் படிப்பித்தார். படித்த பெடியன்கள் அரசாங்க உத்தியோகத்துக்கென்று வெளியூர் போய்விட்டார்கள், கிராமத்துக்கு வைத்தியர் இல்லை. பிறகு, 1860களில், தமிழுக்கு மாறினார். இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம் என்று ஒவ்வொரு புத்தகமாக மாணவர்களோடு சேர்ந்து தமிழுக்குக் கொண்டுவந்தார், அங்காதிபாதம் 1872இல் வந்தது. எலும்புக்கும் நரம்புக்கும் ஒவ்வொன்றாகச் சொல் தேட வேண்டிய வேலை. வெட்டுகிற கத்தியை விட முதலில் சொல்லைத் தீட்ட வேண்டியிருந்தது என்று சேர் சொல்லுவார். "வருத்தக்காரன்ர கட்டிலுக்குப் பக்கத்தில நிண்டு சொல்ல ஏலாத சொல்லை எழுதாதேயும்" என்பதும் அவர் சொன்னதுதான். எங்கள் ஊரில் வருத்தம் என்றால் நோய், வருத்தக்காரர் என்றால் நோயாளர். கொழும்பில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை நான் ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டி வைத்திருந்தேன்.

பின்னேரம் அண்ணாவோடு சேமக்காலைக்குப் போனேன். இன்னும் கல் வைக்கவில்லை. மண் மேடு, ஒரு மரச் சிலுவை, காய்ந்துபோன மலர்வளையங்களின் கம்பி. சிவப்பு மண்ணுக்குள் வெள்ளைக் கல் துண்டுகள் நிறையக் கிடந்தன, உள்ளங்கை அளவு, சிலதில் சிப்பி படிந்த அச்சு. குழி வெட்டினவர்கள் இரண்டு முழத்திலேயே கல்லைக் கண்டுவிட்டார்களாம், மீதியை அலவாங்கால் உடைத்து உடைத்துத்தான் இறக்கினார்களாம், விடியத் தொடங்கி மத்தியானம் தாண்டியதாம். எங்கள் குடாநாடு அப்படித்தான், மேலே கொஞ்சம் செம்மண், கீழே முழுக்கச் சுண்ணக்கல். ஒரு துண்டை எடுத்துக் கையில் வைத்திருந்தேன். வெயில் சூடு ஏறியிருந்தது.

அண்ணா கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார். அப்போது சொன்னேன். "சேர், இரத்தச் சுத்திகரிப்பு எண்டு போட்டனாங்கள்." சொன்னதும் அவர் என்ன கேட்பார் என்றும் தெரிந்துவிட்டது. சுத்திகரிப்பு எண்டால் உம்மட அம்மம்மாவுக்கு விளங்குமோ பிள்ளை? இரத்தம் கழுவுறது எண்டால் என்ன குறை?

ஒரு குறையும் இல்லை, சேர்.

மூன்றாம் நாள், நவாலி, வட்டுக்கோட்டை, யாழ் நகரம்

காலையில் நவாலிக்குப் போனேன். சேர் வீட்டிலிருந்து சைக்கிளில் கிட்டத்தான். போக வேண்டும் என்று திட்டமிடவில்லை, சைக்கிள் அந்தப் பக்கம் திரும்பிற்று.

1995 ஜூலை 9, ஞாயிற்றுக்கிழமை. இராணுவம் முன்னேறி வருகிறது என்று ஓடிவந்த சனம் புனித பேதுரு தேவாலயத்திலும் அதைச் சுற்றியும் தங்கியிருந்தது. விமானம் குண்டு போட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அந்த இடத்தில் செத்தார்கள், பிள்ளைகளும் கிழவிகளுமாக. சத்தம் எங்கள் வீட்டு ஓட்டை உலுப்பிற்று. சேர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று பிறகுதான் தெரியும். அது கத்தோலிக்கக் கோயில், அவர் அமெரிக்கன் மிஷன் ஆள், அன்றைக்கு யார் அதைப் பார்த்தார்கள். இரண்டு நாள் பாடம் இல்லை. மூன்றாம் நாள் போனபோது விறாந்தையில் இருந்து ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். பெயர்கள். பெயர், வயது, எந்த ஊரிலிருந்து வந்தவர், பக்கத்தில் யார் அடையாளம் காட்டினது. தெரியாத இடத்தில் சேலையின் நிறம். அவ்வளவுதான். கொடூரம், பேரவலம் என்று ஒரு சொல் கிடையாது. அன்று என்னிடமும் ஒரு பேனையைத் தந்து, தாள்களில் அங்குமிங்கும் எழுதியிருந்ததைக் கொப்பியில் ஏற்றச் சொன்னார். "எழுத்து விளங்க எழுதும்." நான் எழுதினேன். எனக்குப் பதினேழு வயது. எழுதிக்கொண்டு போகையில் ஒரு இடத்தில் நாலு வயது என்று வந்தது, என் கை நின்றது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, பேனையை வாங்கி அந்த ஒரு வரியைத் தான் எழுதிவிட்டுத் திருப்பித் தந்தார்.

அந்தக் கொப்பி இப்போது இல்லை. அதே வருஷம் ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கி வர, எங்கள் வலிகாமப் பகுதி முழுவதும் ஊரை விட்டு எழும்பி நடந்தபோது, மழைக்குள், நாவற்குழிப் பாலத்தில் நகர ஏலாமல் சனத்துக்குள் சனமாக நின்றபோது, சேரின் சைக்கிள் கரியரிலிருந்து ஒரு பெட்டி விழுந்தது. அதற்குள்தான் இருந்தது. அதைப் பற்றி அவர் பிறகு ஒரே ஒரு தரம்தான் கதைத்தார்.

தேவாலயத்துக்குள் போய்க் கடைசி வாங்கில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு வட்டுக்கோட்டைக்குச் சைக்கிள் மிதிக்க உடம்பில் தென்பு இருக்கவில்லை, டெங்கு முழங்காலில் இன்னும் கிடக்கிறது, மினிபஸ்ஸில் போனேன். 1823இல் அமெரிக்கன் மிஷன் தொடங்கின செமினரி இருந்த இடம், இப்போது யாழ்ப்பாணக் கல்லூரி. சேர் எங்கள் ஐந்து பேரையும் ஒருமுறை சைக்கிளில் இங்கே கூட்டிக்கொண்டு வந்தார். இந்த வளவில் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளைதான் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவர், பிறகு ஏட்டில் கிடந்த கலித்தொகையை அச்சேற்றினவர். கிறிஸ்தவராக வளர்ந்து சைவத்துக்குத் திரும்பியவர். இதைச் சொல்லும்போது சேரின் குரலில் ஒரு மனத்தாங்கலும் இருக்கவில்லை, தன் வீட்டுப் பிள்ளை ஒன்று முதல் பரிசு வாங்கினது மாதிரித்தான் சொன்னார்.

பின்னேரம் யாழ் நகரம், நூலகம். நல்லூருக்கு வந்த சனத்தால் உள்ளே நல்ல கூட்டம், அரை மணித்தியாலம்தான் நின்றேன். 1981இல் இது எரிந்த இரவில் தாவீது அடிகள் பத்திரிசியார் கல்லூரியில் இருந்து நெருப்பைக் கண்டு அந்த அதிர்ச்சியிலேயே உயிர் விட்டார். பல மொழி அறிந்தவர், தமிழ்ச் சொற்பிறப்பு அகராதி செய்துகொண்டிருந்தவர். எரிந்த புத்தகம் 97,000 என்று எல்லோருக்கும் தெரியும், அதில் இந்த மனிசனையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பார் சேர்.

நான்காம் நாள், அன்ரியின் குசினி

ஆவணியில் பனம்பழம் விழுகிற காலம். பக்கத்துக் காணியில் இரவில் தொம் தொம் என்று விழுகிற சத்தம் சித்தி வீடு வரைக்கும் கேட்கிறது. சேருக்குப் பனங்காய்ப் பணியாரம் என்றால் உயிர், 31ஆம் நாளுக்கு அது இல்லாமல் எப்படி என்று அன்ரி ஒரே பிடி. நான் காலையிலேயே போய்விட்டேன்.

கறுத்தத் தோலை உரித்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, தும்போடு பிசைந்து பிசைந்து களியை எடுக்க வேண்டும். செம்மஞ்சள் நிறம், கை முழங்கை வரைக்கும் வாசம், இரண்டு நாளுக்குப் போகாது. சவர்க்காரம் கிடைக்காத அந்த வருஷங்களில் இதால்தான் உடுப்புத் தோய்த்தோம், அந்த மணம் வந்தாலே எனக்குப் பதினான்கு வயது. களியைச் சீனி போட்டுக் காய்ச்சி, ஆறவிட்டு, கோதுமை மாவோடு குழைத்து, விரலால் கிள்ளி எண்ணெயில் போட வேண்டும். அன்ரியின் குசினியில் இரண்டு அடுக்குச் சட்டிகள் எப்போதும் உண்டு, மச்சத்துக்கு ஒன்று, மரக்கறிக்கு ஒன்று. மரக்கறிச் சட்டி எனக்காகவும் என்னைப் போல அங்கே சாப்பிட்ட சைவப் பிள்ளைகளுக்காகவும் வாங்கினது. 31ஆம் நாள் சாப்பாடும் முழுக்கச் சைவம்தானாம். நல்லூர்க் காலம், அயலட்டைச் சனம் கை நனைக்காமல் போனால் அவருக்குப் பிடிக்காது என்று சொன்னா.

பிசைந்துகொண்டிருக்கும்போது நான் கேட்காமலே அன்ரி சொல்லத் தொடங்கினா.

"இரவு முழுக்க இருமல் பிள்ளை. விடியப்புறம்தான் கண் அயந்தவர். நான் எழும்பிப் பார்த்தன், நல்ல நித்திரை, முகம் அவ்வளவு ஆறுதலாக் கிடந்துது. சரி, படுக்கட்டும் எண்டு கதவைச் சாத்திப்போட்டு தேத்தண்ணி ஊத்தி மூடி வச்சன். பிறகு முத்தம் கூட்டினன். சத்தம் கேட்டு எழும்பிப் போடுவார் எண்டு ஈர்க்குமாறை மெல்ல மெல்ல இழுத்துக் கூட்டினன். கோழிக்கு அரிசி போட்டன். ஆறின தேத்தண்ணிய ஊத்திப்போட்டு வேற போட்டன். ஒரு மணித்தியாலம் இருக்கும். பிறகுதான் போய்க் காலைத் தொட்டன்."

எண்ணெய் காய்ந்துவிட்டது, அவ எழும்பி அடுப்பைப் பார்க்கப் போனா. நான் களிச் சட்டியைப் பிடித்தபடி இருந்தேன். அந்த ஒரு மணித்தியாலம் சேர் நித்திரைதான், அவவுக்கு. மெல்ல மெல்லக் கூட்டினா. உதயனில் போட்ட அந்தச் சொல் அறிவித்தல் எழுதுகிறவர்கள் வழக்கத்துக்குப் போடுகிற சொல் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்ரி அதைக் கண்ணால் கண்டு போட்டிருக்கிறா.

"அன்ரி, கர்த்தருக்குள் எண்டு நான் எழுதினால் சரியோ? நான் சைவம் எல்லோ" என்று கேட்டேன். அவ அகப்பையைச் சட்டி விளிம்பில் தட்டினா. "உமக்குத் தெரிஞ்சதை எழுதும் பிள்ளை. கர்த்தரை நாங்கள் எழுதுறம்."

அங்கேயே, விறாந்தையில் இருந்து, ஒரு மணித்தியாலத்தில் எழுதி முடித்தேன். முதல் வசனம்: "அன்று காலை சேர் நித்திரை என்று நினைத்து அன்ரி சத்தம் வராமல் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தா." அதற்கு மேல் கிறீன், நாவலர், கவிழ்த்த சைக்கிள், நவாலிக் கொப்பி. இடம்பெயர்ந்து போய்க் கொடிகாமத்தில் ஒரு மாமரத்தடியில், எங்களில் மூன்று பேர்தான் மிச்சம், அவர் பாடத்தைத் திரும்பத் தொடங்கினதையும் எழுதினேன். எங்களிடம் கொப்பி இல்லை, அவர் ஒரு கடையில் பழைய பற்றுச்சீட்டுக் கட்டு வாங்கி வந்து பின்பக்கத்தில் எழுதச் சொன்னார். அன்றைக்கு அவர் தந்த வேலை, தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்பதை ஏழு விதமாக எழுதுவது. முகாமில் வயிற்றோட்டம் பரவிய நேரம். ஏழாவதை அவரே ஒரு மட்டையில் பெரிதாக எழுதிக் கிணற்றடியில் கட்டினார். என்னுடையது அது.

அண்ணா தட்டச்சு செய்து இரவே அச்சகத்துக்கு அனுப்பினார்.

ஐந்தாம் நாள், திருத்தம்

பின்னேரம் ஐந்து மணிக்குத்தான் மலர் வந்தது, 250 பிரதி, இன்னும் மை வாசத்தோடு. முன் அட்டையில் சேரின் படம், கண்ணாடியைக் கழற்றச் சொல்லி எடுத்த படம், அதனால் கொஞ்சம் அந்நியமாக இருக்கிறார். நான் என் பக்கத்தைத் திறந்தேன்.

"அன்ரி சத்தம் வராமல் முற்றம் காட்டிக்கொண்டிருந்தா."

எனக்கு உடம்பு விறைத்துவிட்டது. அச்சுப்படியை நான்தான் பார்த்தேன், போனில், இரவு பன்னிரண்டு மணிக்கு. பிழை என்னுடையது. ஒரு எழுத்து. சேர் இருந்திருந்தால் சிவப்புப் பென்சிலை எடுத்திருப்பார், கோபிக்க மாட்டார், அதுதான் இன்னும் தாங்க ஏலாது. திரும்ப அடிக்க நேரமில்லை, விடிந்தால் ஆராதனை. அழுதுவிட்டேன். அவர் போன செய்திக்கு அழாத அழுகையெல்லாம் அந்த ஒரு எழுத்துக்கு வந்தது. அண்ணாவின் மகள் பயந்துபோய்த் தாயைக் கூப்பிட ஓடினாள்.

அன்ரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தா. பிறகு அலுமாரியைத் திறந்து சேரின் பேனைகளை எடுத்து வந்தா. "இருங்கோ எல்லாரும். இருநூத்தைம்பதுதானே."

விறாந்தையில் பாய் விரித்து இருந்தோம். அன்ரி, அண்ணா, அண்ணி, பிள்ளைகள் இருவர், நான், பிறகு போதகர் ஐயா வந்தார், அவரும் இருந்தார், பக்கத்து வீட்டு மாமா பூசை முடிந்து திருநீற்றோடு வந்து தானும் ஒரு கட்டை எடுத்துக்கொண்டார். கா என்பதில் அரவை, அதாவது துணைக்காலை, மெல்லிய கோட்டால் வெட்டி, க-வுக்குக் கீழே சுழியை வளைத்துக் கூ ஆக்க வேண்டும். கறுப்பு மை, அச்செழுத்துக்குப் பொருந்துகிற மாதிரி. முதல் பத்துப் பிரதி கை நடுங்கிற்று. பிறகு ஓடிற்று. கதையும் ஓடிற்று. சேர் இளந்தாரியாக இருந்தபோது சுருதி சேராமல் வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனை பாடியதை அன்ரி சொன்னா, தன் கலியாணப் பத்திரிகையில் இரண்டு பிழை கண்டுபிடித்துத் திருத்தித் தந்ததை மாமா சொன்னார். எங்கள் பக்கத்துச் செத்தவீடுகளில் இரவு முழுக்க முழித்திருப்போமே, அப்படி இருந்தது. எனக்குக் கிடைக்காமல் போன இரவு.

பதினொரு மணிக்கு முடிந்தது. அண்ணாவின் மகள் கடைசிப் பிரதியை விளக்குக்குக் கிட்டப் பிடித்து "அப்பம்மா, பார்த்தால் தெரியேல்ல" என்றாள். அன்ரி அவளுக்கு ஒரு பணியாரம் கொடுத்தா.

ஆறாம் நாள், ஆராதனையும் திரும்பலும்

தேவாலயம் நிறைந்துவிட்டது. பாதிப் பேர் திருநீறு. போதகர் ஐயா மலரிலிருந்து ஒரு வசனம் வாசிக்கிறேன் என்று என் முதல் வசனத்தை வாசித்தார், கூட்டிக்கொண்டிருந்தா என்று அழுத்தி வாசித்தார். முன் வாங்கில் அன்ரியின் முதுகு அசையவில்லை. பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினா.

சாப்பாடு, பந்தி பந்தியாக. நான் பணியாரத் தட்டோடு நின்றேன். 250 மலரும் முடிந்துவிட்டது, எனக்கென்று ஒன்றை அண்ணா முதலே எடுத்துப் பையில் வைத்திருந்தார். போகும்போது அன்ரி சுண்ணக்கல்லைப் பற்றிக் கேட்டா, நான் சேமக்காலையில் எடுத்ததை அண்ணா சொல்லியிருக்கிறார். "வச்சிரும்" என்று சொன்னா. தையில் வருகிறேன் என்றேன். இந்த முறை சும்மா சொல்லவில்லை.

ரயில் நாவற்குழியைத் தாண்டி, சாவகச்சேரி தாண்டி. வெயில் சாய்ந்துவிட்டது. பையைத் திறந்து மலரை எடுத்தேன், என் பக்கத்தைப் பார்த்தேன். காட்டிக்கொண்டிருந்தா. அண்ணா அதைக் கட்டிலிருந்து முதலே எடுத்துவிட்டார் போலிருக்கிறது, திருத்தத்துக்கு வரவில்லை.

என்னிடம் பேனை இல்லை. முன் இருக்கையில் கணக்குச் செய்துகொண்டிருந்த பெடியனிடம் "தம்பி, அந்தப் பேனையை ஒருக்காத் தாரும்" என்று கேட்டேன். ரயில் ஆட்டத்தில் எழுத ஏலாது. கொடிகாமத்தில் நிற்கும் வரைக்கும் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். நின்றது. அரவை வெட்டினேன், சுழியைப் போட்டேன், நீல மை. பேனையை மூடிக் கொடுத்தேன்.